அச்சிடும் முன் செய்து பாருங்கள்: சிறுவர் அறிவியல் நூல்கள் குறித்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அறிவியல் நூல்களின் அறிமுகமும், வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க செய்முறைகளும் தொடர்ந்து வெளிவருவதை வரவேற்கும் வாசகர்களில் நானும் ஒருவன். பள்ளியில் நெடுங்காலம் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் பக்கத்தைப் பற்றியும், பொதுவாகச் சிறுவர்களுக்கென எழுதப்படும் அறிவியல் நூல்களைப் பற்றியும் ஒரே ஒரு குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இந்த நூல்களில் இடம்பெறும் செய்முறைகளில் பலவற்றைப் படிக்கும்போது, அவற்றை எழுதியவர் ஒருமுறையேனும் தம் கையால் செய்து பார்த்திருப்பாரா என்ற ஐயம் எழுகிறது. ஒரு நூலில் இருப்பது அடுத்த நூலுக்குப் போகிறது. அங்கிருந்து வினா விடைத் தொகுப்புக்கும், பிறகு காணொளிக்கும் போகிறது. போகிற வழியில் யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. கடைசியில் அதை உண்மையிலேயே செய்து பார்க்கிற முதல் ஆள் பத்து வயதுப் பிள்ளையாக இருந்துவிடுகிறது.

எல்லோரும் அறிந்த ஒரு செய்முறையையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு தட்டில் கொஞ்சம் நீர் ஊற்றி, அதன் நடுவில் சிறிய மெழுகுவர்த்தியை நிறுத்திக் கொளுத்தி, அதன்மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சற்று நேரத்தில் சுடர் அணைந்துவிடும். தட்டில் இருக்கும் நீர் தம்ளருக்குள் ஏறும். இதற்கு நூல்கள் தரும் விளக்கம், மெழுகுவர்த்தி எரிந்தபோது தம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதால் அந்த இடத்தை நிரப்ப நீர் அதே அளவுக்கு ஏறியது என்பதாகும். படிப்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம் என்பதும் உண்மை. ஆனால் தம்ளரைக் கவிழ்த்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகாத சில காட்சிகள் தென்படும்.

முதலாவது, தம்ளரைக் கவிழ்க்கும் நேரத்தில் அதன் விளிம்புக்கு அடியிலிருந்து சில குமிழிகள் வெளியேறுவதைக் காணலாம். உள்ளே இருப்பது தீர்ந்துகொண்டிருக்கிறது என்றால் வெளியே போவது எது? அடுத்தது, சுடர் எரிந்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் நீர் சீராக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அப்படி ஏறுவதில்லை. சுடர் சுருங்கி அணையும் வரை பெரும்பாலும் சும்மா கிடக்கும் நீர், அணைந்த பிறகே சரசரவென்று ஏறுகிறது. மூன்றாவது காட்சிதான் விளக்கத்தை அடியோடு சாய்த்துவிடுகிறது. ஒரு மெழுகுவர்த்திக்குப் பதிலாக மூன்று மெழுகுவர்த்திகளை வைத்து அதே தம்ளரைக் கவிழ்த்தால் நீர் இன்னும் உயரமாக ஏறும். தம்ளர் அதேதான், அதனுள் அடங்கும் ஆக்சிஜனும் அதே அளவுதான் என்னும்போது, நீர் ஏன் அதிகம் ஏற வேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வி நூலாசிரியருக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி.

நடப்பது என்னவென்றால், சுடரின் சூட்டில் தம்ளருக்குள் இருக்கும் காற்று விரிகிறது, அதில் ஒரு பகுதி குமிழிகளாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. மெழுகுவர்த்திகள் கூடக்கூடச் சூடு கூடும், வெளியேறும் காற்றும் கூடும், ஆகவே நீரும் கூடுதலாக ஏறும். ஆக்சிஜனுக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 25 கார்பன் அணுக்களும் 52 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஒரு மெழுகு மூலக்கூறு முழுமையாக எரிவதற்கு 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகின்றன. ஆனால் அவற்றுக்கு ஈடாக 25 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் உருவாகின்றன. கூடவே உருவாகும் 26 நீர் மூலக்கூறுகள் ஆவியாக இருந்து, குளிர்ந்ததும் பெரும்பாலும் தம்ளரின் உட்புறத்தில் துளிகளாகப் படிகின்றன. எனவே ஆக்சிஜன் செலவான இடத்தின் பெரும்பகுதியைக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிவிடுகிறது. மேலும், உள்ளிருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்த பிறகுதான் சுடர் அணைகிறது என்பதும் சரியல்ல. எரிவதற்குப் போதாத அளவுக்கு அது குறைந்ததுமே சுடர் அணைந்துவிடும், கணிசமான ஆக்சிஜன் அப்போதும் உள்ளேயே இருக்கும்.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதை வீட்டில் காட்டவே முடியாது என்று யாரும் எண்ண வேண்டாம். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய மெல்லிய இரும்புக் கம்பிச் சுருளை நனைத்து, ஒரு முனை மூடிய நீளமான கண்ணாடிக் குழாயின் அடியில் விழாமல் செருகி, குழாயை நீருள்ள பாத்திரத்தில் தலைகீழாக நிறுத்தி வைத்தால், இரும்பு துருப்பிடிக்கத் துருப்பிடிக்க நீர் மெல்ல ஏறி, சில நாட்களில் குழாயின் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு அருகில் நின்றுவிடும். துரு ஒரு திடப்பொருள் என்பதால் செலவான ஆக்சிஜனுக்குப் பதிலாக வேறு வாயு எதுவும் உருவாவதில்லை; சூடும் குறிப்பிடத்தக்க அளவு எழுவதில்லை. இது நாட்கணக்கில் பொறுத்திருக்க வேண்டிய செய்முறை. ஒரு நிமிடத்தில் முடிந்து கைதட்டல் வாங்கும் செய்முறைக்குக் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைக்காமல் போவதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதே வகையைச் சேர்ந்தது நாக்கின் வரைபடம். நுனியில் இனிப்பு, பின்புறம் கசப்பு, ஓரங்களில் புளிப்பும் உவர்ப்பும் என்று நாக்கைப் பாகம் பிரித்துக் காட்டும் அந்தப் படம், 1901-இல் ஜெர்மன் மொழியில் வெளியான ஓர் ஆய்வில் சொல்லப்பட்ட மிகச் சிறிய வேறுபாடுகளைப் பின்னால் வந்தவர்கள் பெரிதாக்கிப் புரிந்துகொண்டதால் பிறந்தது. எல்லாச் சுவைகளையும் நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளாலும் உணர முடியும். இதைச் சரிபார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நாக்கின் நுனியில் ஒரு சிட்டிகை உப்பை வைத்தால் போதும், உவர்க்கும். பல தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கற்பித்த எங்களில் எத்தனை பேர் உப்பை எடுத்து நுனியில் வைத்துப் பார்த்தோம் என்பது வேறு கதை.

ஒரு நூலைப் பிள்ளை சோதித்துப் பார்ப்பதும், அந்தச் சோதனையில் நூல் தேறுவதும் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜேன் மார்செட் என்ற பெண்மணி, வேதியியலை ஓர் ஆசிரியைக்கும் இரண்டு மாணவிகளுக்கும் இடையே நடக்கும் உரையாடலாக எழுதித் தம் பெயர் போடாமல் ஒரு நூலை வெளியிட்டார். அக்காலத்தில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த மைக்கேல் ஃபாரடே, கட்டுவதற்காகக் கடைக்கு வரும் நூல்களைப் படிக்கும் வழக்கமுள்ளவர். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத அந்த இளைஞரின் கைக்கு இந்த நூலும் வந்து சேர்ந்தது. 1858-இல் மார்செட் இறந்தபோது, அந்நேரம் உலகப் புகழ் பெற்றுவிட்டிருந்த ஃபாரடே, தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்த நூலை நன்றியோடு நினைவுகூர்ந்தார். அதில் சொல்லப்பட்டவற்றைத் தம்மால் இயன்ற சிறு சிறு பரிசோதனைகளால் சரிபார்த்ததாகவும், தாம் புரிந்துகொண்ட அளவில் நூல் உண்மைகளோடு ஒத்திருந்ததாகவும், அதனால் வேதியியலில் பற்றிக்கொள்ள ஒரு பிடிமானம் கிடைத்ததாக உணர்ந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். நூல் சுவையாக இருந்தது, படங்கள் அழகாக இருந்தன என்றெல்லாம் அவர் முதன்மையாகச் சொல்லவில்லை. செய்து பார்த்தேன், சரியாக இருந்தது என்பதையே சொல்கிறார். அந்த நூலில் இருந்த செய்முறைகள் பொய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது என் வேலையல்ல. ஆனால் 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மனிதர் தம் வேதியியல் ஆர்வத்தின் வேரை எங்கே காட்டுகிறார் என்பதைச் சிறுவர் நூல் எழுதுவோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

பிற்காலத்தில் ஃபாரடேயே சிறுவர்களுக்காகப் பேசினார். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் அவர் பல ஆண்டுகள் உரையாற்றினார். 1860 இறுதியிலும் 1861 தொடக்கத்திலுமாக அவர் ஆற்றிய ஆறு உரைகளும் ஒரே ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியவை. அவற்றில் அவர் செய்து காட்டிய ஒன்றை இன்றும் எந்தப் பிள்ளையும் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்து பார்க்கலாம். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்தியை மெதுவாக ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெண்ணிறப் புகை ஒரு கோடாக எழும். எரியும் தீக்குச்சியைத் திரியைத் தொடாமல், இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே, அந்தப் புகைக்கோட்டின் மீது காட்டினால், தீ புகை வழியாகத் தாவிக் கீழே இறங்கித் திரியை மறுபடியும் பற்றவைக்கும். எரிவது திரியல்ல, திரி வழியாக ஏறி ஆவியாகும் மெழுகுதான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பத்தியும் விளக்கிவிட முடியாது. காற்று அசையாத அறை வேண்டும், ஊதியதும் தாமதிக்கக் கூடாது, கை நடுங்கக் கூடாது. இந்த மூன்றும் செய்து பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். இவற்றைச் சொல்லாமல் விட்டால் முதல்முறை செய்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் தோல்விதான் கிடைக்கும். தோற்ற பிள்ளை நூலைக் குறை சொல்லாது, தனக்கு அறிவியல் வராது என்று எண்ணிக்கொள்ளும். அதுதான் என் கவலை.

செய்முறைகளைப் போலவே படங்களையும் யாரும் அளந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதையை முட்டை வடிவில் நீட்டி, பூமியை ஒருபுறம் சூரியனுக்கு அருகிலும் மறுபுறம் வெகு தொலைவிலும் வைத்து வரைகிறார்கள். உண்மையில் அது சாய்வாகப் பார்த்து வரைந்த படம். ஆனால் அப்படிச் சொல்லும் ஒரு வரியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பூமியின் பாதையை 10 சென்டிமீட்டர் அகலத்தில் நேராக மேலிருந்து பார்த்தபடி வரைந்தால், அதன் நீளத்துக்கும் குறுக்களவுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. பென்சில் கோட்டின் தடிமன் அதைவிட அதிகம். சூரியன் நடுப்புள்ளியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே விலகியிருக்கும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், அப்போதைய தொலைவு ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை தொடக்கத்தில், அப்போது ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீட்டர். பூமியின் வடபாதி குளிர்காலத்தில் இருக்கும்போதுதான் சூரியன் அருகில் இருக்கிறது என்ற இந்த ஒரு தகவலை அந்தப் படத்தின் கீழே அச்சிட்டாலே, பருவங்களுக்குக் காரணம் தொலைவல்ல, 23.5 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கும் பூமியின் அச்சு என்பதைத் தேடிப் போகப் பிள்ளை தயாராகிவிடும். 1987-இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும் நாளன்று அங்கிருந்தவர்களிடம் பருவங்கள் ஏன் மாறுகின்றன என்று கேட்டபோது, பெரும்பாலானோர் பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் வெப்பம் கூடுகிறது என்றே பதில் சொன்னார்கள். இளம் வயதில் மனத்தில் பதிந்த தவறான கருத்து மேற்படிப்பு முடிந்த பிறகும் அழிவதில்லை என்பதை அந்தப் பதில்கள் காட்டின.

பூமியும் நிலவும் ஒரே பக்கத்தில் அருகருகே மிதக்கும் படங்களும் அப்படித்தான். பூமியை 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்தாக எடுத்துக்கொண்டால் நிலவு 8 சென்டிமீட்டர் பந்து. அதை 9 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இதைப் புத்தகப் பக்கத்தில் வரைய முடியாது என்பது எனக்கும் தெரியும். படத்தின் ஓரத்தில் அளவுக்கு உட்படாத படம் என்று எழுதி, பந்து கணக்கையும் சேர்த்துவிட்டால், பிள்ளைகள் வகுப்பறை நீளத்துக்கு அதை நிறுத்திப் பார்ப்பார்கள். நுண்ணுயிர்களைப் பற்றிய நூல்களில் வைரஸும் பாக்டீரியாவும் இரத்தச் சிவப்பணுவும் ஒரே அளவில் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கின்றன. சிவப்பணு 7 முதல் 8 மைக்ரோமீட்டர், குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா ஒன்று 2 மைக்ரோமீட்டர் நீளம், கொரோனா வைரஸ் ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர் என்பதை அந்தச் சிரிப்பு மறைத்துவிடுகிறது. கண்ணும் வாயும் இருந்துவிட்டுப் போகட்டும், அளவையாவது குறிப்பிடலாம்.

அடுத்து, தகவல் திரட்டுகளைப் பற்றி. மிகப் பெரியது எது, மிக வேகமானது எது, எத்தனை எலும்பு, எத்தனை துணைக்கோள் என்ற வகையில் நூற்றுக்கணக்கில் அடுக்கும் நூல்களைப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. எதையும் படிக்காமல் இருப்பதைவிட அது மேல். ஆனால் ஒரு தகவல் எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்லாத நூல், அறிவியலின் விளைபொருளை மட்டும் கொடுத்துவிட்டு அறிவியலைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது, அது தவறு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அல்லது, 1668-இல் இத்தாலிய மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ரெடி என்ன செய்தார் என்பதைச் சொல்லலாம். அவர் சில ஜாடிகளில் இறைச்சியைப் போட்டுத் திறந்து வைத்தார்; சிலவற்றை இறுக மூடிவைத்தார். திறந்தவற்றில் மட்டும் புழுக்கள் வந்தன. இத்தோடு நிறுத்தியிருந்தால், மூடிய ஜாடிக்குள் காற்று போகாததால்தான் புழு உண்டாகவில்லை என்று யாராவது வாதிட்டிருப்பார்கள். ஆகவே மெல்லிய வலைத்துணியால் மூடிய ஜாடிகளையும் வைத்தார். காற்று உள்ளே போனது, ஈக்கள் போக முடியவில்லை; இறைச்சியில் புழு இல்லை, துணியின் மேலேயே ஈக்கள் முட்டையிட்டன. வலைத்துணி போட்ட அந்த ஜாடி எதற்காக என்று ஒரு பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், நாளை ஒரு மருந்தைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ யாராவது உறுதியாகப் பேசும்போது அதனோடு ஒப்பிட எதை வைத்தீர்கள் என்று கேட்க அதற்குத் தெரிந்திருக்கும். துணைக்கோள்களின் எண்ணிக்கையோ சில ஆண்டுகளில் மாறிவிடும்.

கணினியிலும் கைப்பேசியிலும் கிடைக்கும் கற்றல் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001-இல் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் சிமுலேஷன்கள், அதாவது திரையில் இயக்கிப் பார்க்கும் மாதிரிச் செய்முறைகள், பல மொழிகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மின்சுற்று, அலை, மூலக்கூறு, விசை என்று பலவற்றையும் பிள்ளை தானே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வானத்தைக் கணினித் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியமும் இலவசமே. இவற்றை ஆதரித்து எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். மின்னோட்டத்தையும் அணுவையும் வேறு எந்த வழியில் கண்முன் கொண்டுவர முடியும்? ஆனால் கையால் செய்யக்கூடியதையும் திரையிலேயே முடித்துக்கொள்ளும் பழக்கம் பரவிவருவது நல்லதல்ல. ஒரு மீட்டர் நீளமுள்ள நூலில் கனமான பொருளைத் தொங்கவிட்டு ஆட்டினால், ஒருமுறை போய் வர ஏறத்தாழ 2 விநாடி ஆகும். ஊசல் எவ்வளவு அகலமாக ஆடினாலும் நேரம் மாறாது என்று பல நூல்களில் எழுதியிருக்கிறது. பிள்ளை அதை நன்றாக உயர்த்தி, 60 டிகிரி அளவுக்கு இழுத்துவிட்டுப் பத்து ஆட்டங்களுக்கு நேரம் பார்த்தால், சிறிய ஆட்டத்தைவிட ஒரு விநாடி போல அதிகமாக வரக்கூடும். அளவிடுவதில் நீ தவறிவிட்டாய் என்றுதான் அதற்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கிறது. தவறு பிள்ளையுடையதல்ல. நேரம் மாறாது என்பது சிறிய கோணங்களுக்கு மட்டுமே பொருந்தும்; 60 டிகிரியில் ஆட்டக் காலம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். திரையில் உள்ள ஊசல் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைக் காட்டும். நூலில் தொங்கும் ஊசலை அளந்தால் ஒருமுறை 19.8, அடுத்தமுறை 20.3 என்று வரும். அந்த எண்கள் ஏன் ஒன்றாக இல்லை, எதை நம்புவது, எத்தனை முறை அளந்து சராசரி எடுப்பது என்ற குழப்பத்தில் தவித்து வெளியே வருவதுதான் அளவீடு கற்பது.

விலை உயர்ந்த கருவிப் பெட்டிகள் இல்லாமல் இவற்றையெல்லாம் செய்ய முடியாது என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. இரண்டாம் உலகப் போரில் பள்ளிகளும் ஆய்வுக்கூடங்களும் அழிந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்காக முதலில் ஒரு சிறு கையேடாகத் தயாரான தொகுப்பை விரிவாக்கி, யுனெஸ்கோ 1956-இல் பெரிய நூலாக வெளியிட்டது. போத்தல், தகரடப்பா, நூல், கம்பி, பழைய மின்விளக்கு போன்றவற்றைக் கொண்டே அறிவியல் கற்பிக்க முடியும் என்று காட்டிய அந்த நூல் பல மொழிகளுக்குப் போனது. இன்று செய்முறை எழுதுவோர் அதைப் படிக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் அதன் சிக்கனம் மட்டுமல்ல, எழுதியவர்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதும்தான். பாதுகாப்புக் குறிப்புகளும் அப்படி எழுதும்போதுதான் சரியான இடத்தில் வரும். பெரியவர் முன்னிலையில் செய்யவும் என்ற பொதுவான ஒரு வரி யாருக்கும் உதவாது. லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்காதே, கழிவறை சுத்தம் செய்யும் அமிலத்தையும் வெளுக்கும் திரவத்தையும் ஒன்றாகக் கலக்காதே, சுவரில் உள்ள மின்இணைப்பை எந்தச் செய்முறைக்கும் பயன்படுத்தாதே என்று குறிப்பாக எழுத வேண்டும், அதுவும் செய்முறையின் கடைசியில் அல்ல, தொடக்கத்தில்.

நூல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது, எப்போது திருத்தப்பட்டது என்பதும் பல சிறுவர் நூல்களில் தெளிவாக இருப்பதில்லை. 2006 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. 2016 நவம்பரில் 113, 115, 117, 118 ஆகிய எண்களுக்குரிய தனிமங்களுக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் கிடைத்து தனிம அட்டவணையின் ஏழாவது வரிசை நிரம்பியது. 2019 மே 20 முதல் கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே வைக்கப்பட்டிருந்த உலோக உருளையைச் சார்ந்ததாக இல்லாமல், இயற்பியலின் மாறாத எண்களில் ஒன்றான பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. இவற்றுக்கு முந்தைய உரையை அட்டையை மட்டும் மாற்றிப் புதுப் பதிப்பு என்று விற்பது நியாயமல்ல. நான் மேலே குறிப்பிட்ட மார்செட் தம் நூலை 1853 வரை பதினாறு பதிப்புகள் கொண்டுவந்தார். புதிய கண்டுபிடிப்புகளை அவ்வப்போது சேர்த்துக்கொண்டே வந்தார். அச்சுக்கோப்பு ஒவ்வோர் எழுத்தாகக் கையால் நடந்த காலத்தில் அவரால் முடிந்தது. சொல்லடைவு இல்லாத சிறுவர் அறிவியல் நூல்களைப் பற்றித் தனியாக எழுத ஆசைதான், ஆனால் இந்தக் கடிதம் ஏற்கெனவே நீண்டுவிட்டது.

பதிப்பகங்களிடம் என் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு செய்முறையும் அச்சுக்குப் போகும் முன் அதை எழுதியவரும், எழுதாத இன்னொருவரும், முடிந்தால் அந்த வயதுப் பிள்ளை ஒன்றும் வெறும் எழுத்துப்படியை மட்டும் பார்த்துச் செய்து பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த இடத்தில் சறுக்கியது, என்ன அளவு கிடைத்தது என்பதை அதே பக்கத்தில் ஒரு சிறு குறிப்பாகச் சேர்க்க வேண்டும். ஒரு விளக்கத்தைக் கொடுத்தால், அந்த விளக்கம் தவறாக இருந்தால் எது வேறு விதமாக நடந்திருக்கும் என்பதையும் கேட்க வேண்டும். மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துப் பார் என்ற ஒரு வரி அந்தச் செய்முறையைத் தானே திருத்திக்கொள்ளச் செய்துவிடும். கேட்டால் கேட்ட மாத்திரத்தில் எதையும் எழுதித் தரும் கணினிச் செயலிகள் வந்துவிட்ட நிலையில் இது இன்னும் அவசியமாகிறது. அவை எவ்வளவு சரளமாக எழுதினாலும் தம்ளரைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை.

தங்கள் நாளிதழுக்கும் இதில் பங்கு உண்டு. மாணவர் பக்கத்தில் வரும் நூல் அறிமுகங்கள் பெரும்பாலும் நூலின் பின்னட்டையில் உள்ளதையே வேறு சொற்களில் தருகின்றன. அதற்குப் பதிலாக, நூலை இரண்டு மூன்று பிள்ளைகளிடம் கொடுத்து, அதிலிருந்து அவர்களே தேர்ந்தெடுத்த செய்முறைகளைச் செய்யச் சொல்லி, வந்தது எது, வராதது எது என்று அவர்கள் சொன்னபடியே வெளியிடுங்கள். பெற்றோருக்கும் நூலக அலுவலர்களுக்கும் எந்த நூலை வாங்கலாம் என்று முடிவு செய்ய அதைவிடப் பயனுள்ள மதிப்புரை இருக்க முடியாது. பதிப்பகங்களுக்கும் அது உறைக்கும். மாணவர் பக்கத்திலேயே தவறான விளக்கம் வந்துவிட்டால் திருத்தத்தை உள்பக்கத்தின் மூலையில் இடாமல், அடுத்த இதழில் அதே பக்கத்தில், என்ன தவறு என்பதையும் விளக்கி வெளியிட வேண்டும். பிள்ளைகள் அந்தத் திருத்தத்தை மூலக் கட்டுரையைவிட ஆர்வமாகப் படிப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

செய்து பார்க்க ஆள் கிடைப்பதில்லை, நேரமில்லை என்று ஆசிரியர் குழு கருதக்கூடும். ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெரும்பாலோரிடம் ஒரு மேசையும், பழைய கண்ணாடிக் குழாய்களும், நிறைய நேரமும் உண்டு. வெளியாவதற்குப் பத்து நாட்கள் முன்னதாகச் செய்முறைப் பக்கத்தின் மெய்ப்புப் படியை அனுப்பினால், செய்து பார்த்து முடிவை எழுதி அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்; ஊதியம் எதுவும் வேண்டாம். இரும்புத் துருச் செய்முறை போன்றவற்றுக்கு மட்டும் பத்து நாள் போதாது, இரண்டு வாரமாக நீட்டித்துத் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்